நாத்தனாரைச் சாட்சிக்கு அழைத்தவள்

பேருந்துப் பணிமனையின் கேண்டீனில் அவள்தான் பெரிய சமையல்காரி. ஓட்டுநர், நடத்துநர், டயர் கழற்றுகிறவர், கணக்குப் பிரிவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே தூங்குகிறவர் என்று அத்தனை பேரும் அவள் சமைத்ததைத் தட்டை வழித்துத் தின்றார்கள். எல்லாருக்கும் அவள் 'கேண்டீன் அக்கா'. ஊருக்கெல்லாம் பிடித்த அந்தச் சமையல், அவள் வீட்டில் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நின்றது.

காரணம் அவள் புருஷனின் வயிறு. அதே பணிமனையில் அவன் மெக்கானிக். எஞ்சினில் கேட்கிற சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காதை வைத்தே சொல்லிவிடுவான். தன் வயிற்றுச் சங்கதி மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். அவனுடைய அப்பாவும் வயிற்றில் புற்று வந்துதான் போய்ச் சேர்ந்தார்.

அவனுக்கு ஓர் அக்கா. இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தாள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு என் தம்பிக்கு. இவ கையால சாப்பிட ஆரம்பிச்சான், போச்சு. வாரம் ஒரு நாள் இங்க சாப்பிடற எனக்கே வயிறு இப்படி எரியுதுன்னா, தினமும் திங்கறவன் கதி என்ன?"

"பணிமனையில அத்தனை பேர் சாப்பிடறாங்களே அண்ணி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"அங்க சம்பளத்துக்குச் சமைக்கறே. ஒழுங்கா சமைக்கலேன்னா சீட்டு கிழிஞ்சிடும். இங்க யார் கேக்கப் போறாங்க?"

கேண்டீன் அக்கா தன் சமையலைத்தான் திருத்திப் பார்த்தாள். முதலில் மிளகாய் போயிற்று. பிறகு புளிப்பு, பிறகு எண்ணெய், பிறகு மிளகு. கடைசியில் உப்பும் பாதியாகி, வீட்டுச் சாப்பாடு வெந்நீருக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஆனது. ஊரே ருசிக்குப் புகழும் ஒருத்தி, ராத்திரி புருஷனோடும் மகளோடும் அந்தச் சப்பைச் சோற்றையே முகம் சுளிக்காமல் தின்றாள். தனக்கென்று ஒரு சட்டி தனியாக வைத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது, அவளுக்கு வரவில்லை.

ஒரு நாள் பேருந்துக்கு அடியிலிருந்து வெளியே வந்த மெக்கானிக், எழுந்து நின்றவன் அப்படியே சுருண்டு கருப்பாக வாந்தியெடுத்தான். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண்; புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி. மாத்திரையில் ஆறிவிடும் என்றார்கள். அப்பா போன விதத்தைக் கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"வீட்டுல எல்லாரும் வந்து பாத்துக்கணும். முக்கியமா இவரோட கூடப்பிறந்தவங்க."

நாத்தனார் வரவில்லை. "எனக்கென்ன கேடு? கோளாறு சட்டியில இருக்கு. சட்டியைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லு" என்று தையல் மெஷினை மிதித்தாள். ஆனால் கொஞ்ச நாளாகவே அவள் இளைத்துக்கொண்டு வந்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், தன் ரவிக்கையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பி போய்க் கெஞ்சினான், திட்டித் துரத்தினாள்.

கேண்டீன் அக்காவோ டாக்டரம்மா சொன்ன பேச்சைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பையில் ஊதிவிட்டு வந்தாள். மூச்சை வைத்தே கிருமி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம். முடிவு வந்தது. அவள் வயிற்றிலும் அதே கிருமி இருந்தது.

"அப்ப நான்தான் கொடுத்தேனா டாக்டர்?"

"இல்லம்மா. உலகத்துல பாதிப் பேர் வயித்துல இது குடியிருக்கு. பெரும்பாலும் சின்ன வயசுலயே, அவங்கவங்க பிறந்த வீட்டுல தொத்திக்கிறது. நிறைய பேரை இது ஒண்ணும் செய்யாது, உங்களைச் செய்யாத மாதிரி. ஆனா சில பேருக்குப் பிறவியிலேயே உடம்பு வாகு வேற. கிருமியைக் கண்டா உடம்பு ரொம்ப ஆவேசமா சண்டை போடும். வருஷக்கணக்கா நடக்கிற அந்தச் சண்டையில வயித்தோட உள்சுவர்தான் வெந்துபோகும். உங்க வீட்டுக்காரர் குடும்பத்துல அந்த வாகு இருக்கலாம்னு நினைக்கிறேன். அதுமட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. கிருமியிலயும் பல ரகம் இருக்கு, சாப்பாடு, புகைன்னு எல்லாம் சேரும். ஆனா அந்த அக்காவை எப்படியாவது கூட்டிட்டு வாங்க. தள்ளிப்போடாதீங்க."

வேறொருத்தியாக இருந்தால் அந்த வார்த்தைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போயிருப்பாள். இத்தனை வருஷப் பழிக்கு விடுதலை கிடைத்துவிட்டது! நேரே தையல்கடைக்குப் போய், 'உங்க பரம்பரையைப் பாருங்க அண்ணி' என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நாத்தனார் செத்தாலும் ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்க மாட்டாள். அது இவளுக்குத் தெரியும்.

தையல்கடைக்குத்தான் போனாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கும்போதே, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அண்ணி, என் வயித்துலயும் அந்தக் கிருமி இருக்காம்."

மெஷின் நின்றது. நாத்தனார் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் வெளிச்சம். "நான் சொன்னேனா இல்லையா!"

"சொன்னீங்க. ஆனா டாக்டரம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நான் சொன்னா எடுபடல. நீங்க வந்து, என் சமையலைப் பத்தி எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கேண்டீன் அக்கா போகிற வழியில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நாத்தனார் இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போகிறவள்போல் நிமிர்ந்து வந்தாள். டாக்டரம்மா கெட்டிக்காரி. குற்றப்பத்திரிகையை முழுதும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. பிறகு, "நீங்களும் அங்க சாப்பிடறவங்கதானே? நீங்க சொல்றதை நிரூபிக்கணும்னா உங்க வயித்தையும் பாக்கணுமே" என்றார். அத்தனை வீறாப்புடன் வந்தவள் எப்படிப் பின்வாங்குவாள்? "தாராளமா பாருங்க" என்று படுத்துவிட்டாள்.

வயிற்றின் உள்சுவரில் மிளகளவு ஒரு புள்ளி. புற்றின் முதல் படி. குழாய் வழியாகவே அதைச் சுரண்டி எடுத்துவிட முடிந்தது. இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தால் அப்பா போன வழிதான் என்றார் டாக்டரம்மா. கிருமி உங்கள் பிறந்த வீட்டில், சின்ன வயசிலேயே வந்திருக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார்.

நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும்."

"கொஞ்சம் தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் ஊர் முன்னாடி பழியை வாங்கிக்கிட்டியா?"

"நீங்க வரணுமே."

நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுவது தெரியக்கூடாது என்று நினைத்தாள் போலும், தோள் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்த மாதம் கேண்டீன் அக்காவின் ஒரே மகளுக்குச் சோதனை. கல்லூரியில் படிக்கிற பெண். அவளுக்குக் கிருமி இருந்தால் மாத்திரையில் போய்விடும். ஆனால் அப்பா வழி உடம்பா, அம்மா வழி உடம்பா என்பது, ஆராய்ச்சிக்கு எடுத்துப்போன ரத்தத்தைப் பார்த்துத்தான் ஓரளவாவது தெரியுமாம். கடையை மூடிவிட்டு அத்தையே அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிறந்த அன்றே குழந்தையைக் கையில் வாங்கி, 'மூக்கும் முழியும் எங்கப்பாவேதான்' என்று சொன்னவள் அவள். அதற்குப் பிறகும் அவள் அதைச் சொல்லிக் காட்டாத ஆள் பாக்கியில்லை. இப்போது காத்திருப்புக் கூடத்தின் இரும்பு பெஞ்சில், மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மருமகளிடம் சொன்னது, வாசலுக்கு அருகில் நின்றுகொண்டிருந்த கேண்டீன் அக்காவுக்கும் கேட்டது.

"பயப்படாதே கண்ணு. மூக்கு எங்க வீட்டு மூக்கா இருந்துட்டுப் போகட்டும். உள்ளுக்குள்ள நீ உங்கம்மாவை உரிச்சு வச்சிருக்கணும். அதைத்தான் நான் வேண்டிக்கிட்டிருக்கேன்."