மரத்தின் மேல் நான், மண்ணில் சரோஜா

1. முதல் ஏற்றம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில்தான் முதன்முதலாக அர்ஜுனன் வேடம் கட்டித் தபசு மரம் ஏறினேன். வழக்கமாக ஏறுகிறவருக்குக் காய்ச்சல். எங்கள் கூத்து வாத்தியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா முழிக்கிற? பாட்டு தெரியும்ல? படிக்கு ஒரு விருத்தம் பாடிகினே ஏறு. மேல போய் பூசை பண்ணிட்டு பழத்த வீசு. எவ மேல வுழுதுன்னு பாக்காத. அது உன் வேலை இல்ல."

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். தபசு பட்டப்பகலில் நடக்கிற கூத்து. நட்டு வைத்த பனைமரத்தில் கட்டைப் படிகள், உச்சியில் பரண். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருப்பார்கள். எலுமிச்சம்பழம் எவள் மேல் விழுகிறதோ அவளுக்குப் பிள்ளை வரம். சுற்றிலும் ஊரே உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் கைதட்டி ரசிக்கும்.

அடுத்த வருஷம் சதுரங்கப்பட்டினத்துக்காரி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து என் காலில் விழுந்தாள். கைராசிக்காரன் என்று பெயராகிவிட்டது. கடப்பாக்கம் வரைக்கும் கூப்பிட்டார்கள்.

2. ரிப்போர்ட்

எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. நானும் என் மனைவி சரோஜாவும் டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன்.

"உங்க வொய்ஃபுக்கு ஒரு குறையும் இல்லைங்க. குறை உங்களுக்குத்தான். மருந்துல சரியாகாது," என்றார் டாக்டர்.

இது வெளியே தெரிந்தால் எந்த ஊரில் என்னை மரம் ஏற விடுவார்கள்? எவள் என் பழத்தை நம்பி வருவாள்? ரிப்போர்ட்டைக் கிழித்துக் கொளவாய் ஏரியில் போட்டேன். சரோஜாவிடம், "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லையாம்," என்றேன்.

"அப்ப சாமிதான் குடுக்கணும்," என்றாள். அந்தச் சித்திரையில் அவளும் ஈரப்புடவையோடு வந்து படுத்தாள்.

3. ஒன்பது கோடை

வாத்தியார் பேச்சை மீறிக் கீழே பார்த்தேன். குறி வைத்து அவள் மேல் பழத்தைப் போட்டேன். வேறு எவளுக்கோ விழ வேண்டிய பழம். கோழை செய்கிற வேலை அது. அவள் அதைத் தோலோடு தின்றாள்.

ஒன்பது கோடை இப்படிப் போனது. மண் சூட்டில் அவள் முழங்கை கொப்பளித்துவிடும். நான் எண்ணெய் தடவிவிடுவேன். "அடுத்த தபா கண்டிப்பா," என்பாள். "ஊருக்கெல்லாம் புள்ள குடுக்கறான், இவ வயிறு தொறக்கல. இன்னா பாவம் பண்ணாளோ," என்று ஊரில் அவளைத்தான் பேசினார்கள். அவள் காதுபடவே பேசினார்கள்.

முட்டி தேய்ந்து நான் வேடத்தை விட்ட வருஷம், ஒரு மத்தியானம் ரிப்போர்ட் விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன்.

"எனக்குக் கூத்துன்னா உசுருன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். "நீ மரம் ஏறிகினு பாடறத அந்த ஒம்போது வருசத்துல ஒரு தபாகூட நான் நிமிந்து பாக்கல. மண்ணுல மூஞ்ச வச்சிகினு கெடந்தேன். மொதல்லயே சொல்லியிருந்தா, எல்லார் மாரியும் உக்காந்து பாத்திருப்பனே."

 

தொழிலில் கற்ற பாடம் என்ன என்று கேட்கிறார்கள். பாட்டும் அடவும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். பெயர் கெடுமே என்று வீட்டில் ஒரு பொய்யை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயருக்காக வீட்டில் இருப்பவள்தான் வெயிலில் கிடப்பாள்.

எங்கள் திடலில் இப்போதும் தபசு நடக்கிறது. போன சித்திரையில், "வா, நாற்காலி போட்டுப் பாக்கலாம்," என்று கூப்பிட்டேன். எழுந்துபோய் திடலைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள்.