பசியை எடுத்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தது அம்மா, தங்கச்சி, நான். அப்பா இல்லை. அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார், மாதம் ஒரு தடவைதான் வருவார். சின்ன மாமா பத்து மணி வரைக்கும் இருந்தார், அதற்குப் பிறகு இல்லை. இன்னொருவரும் அங்கே இல்லை. அவரை நாங்கள் அதுவரை பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் அவருடைய கம்பியூட்டர் எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவின் நடுவில், ஒரு கதிரை மேல், அம்மாவின் பழைய சீலை விரித்து மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களுடையது ஹேவாஹெட்ட பக்கத்துத் தேயிலைத் தோட்டம். சின்ன மாமா அம்மாவின் தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், கண்டியில் கம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்றில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்தார் என்றால் பெட்டி தூக்குவது, தூசி ஊதுவது, மற்றவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கி வருவது. பார்த்துப் பார்த்தே வேலையைப் பழகிக்கொண்டார். அந்தக் கடையில் திருத்துகிறவர்களுக்கு மூன்று மேசைகள் உண்டு. அதில் ஒன்று காலியாகப் போகிறது, அதை உனக்குத் தரலாம், ஆனால் முதலில் ஒரு வேலையைத் தனியாகச் செய்து காட்டு என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலைதான் கதிரை மேல் இருந்தது.

அதன் நோய் இதுதான்: பெரிய விளையாட்டு ஒன்றைப் போட்டால் அரை மணி நேரத்தில் சூடேறித் தானாக அணைந்துவிடும். மாமா உள்ளே இருந்த காத்தாடியை மாற்றிவிட்டார். இனி அதே விளையாட்டை மணிக்கணக்கில் ஓடவிட்டு, அணையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பௌர்ணமிப் போயா லீவும் சேர்ந்து கடை மூன்று நாள் பூட்டு. முதலாளியிடம் கேட்டு, அரிசிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து ஊருக்கே கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சட்டி பானை தூக்கப் போக வேண்டியிருந்தது. அதனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இந்த ஆள சும்மா நடக்க வை. அணைஞ்சா நேரத்த எழுதி வை. வேற எதையாச்சும் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"எங்கிட்டு மாமா நடக்க வைக்க?"

"எங்கிட்டாவது போ. அவ்ளோ பெரிய ஊரு கெடக்குல்ல."

கிடந்தது. அவ்வளவு பெரிய ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போனில் விளையாடிய விளையாட்டுகளில் ஒரே ஒரு பாதை இருக்கும், அதிலே ஓட வேண்டும். இங்கே கண்ணுக்குத் தெரிகிற எந்த மலைக்கும் போகலாம். கேட் இல்லை, காவல்காரன் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. பனி மூடிய மலை, கீழே உறைந்த ஆறு, தூரத்தில் ஒரு கோட்டை. கம்பளி போர்த்த, தாடி வைத்த ஒரு மனிதர். அவர்தான் நான். முதல் பத்து நிமிஷம் மூச்சு விட்டேனா என்பதே நினைவில்லை.

பிறகு திரையின் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பசிக்கிறது என்பதைப் படித்துக்கொள்ளும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் இருந்தது.

தங்கச்சிக்கும் இருந்தது. "அண்ணா, இவருக்குப் பசிக்குதாம்."

"தெரியுது. பேசாம இரு."

கொஞ்ச நேரத்தில் குளிர்கிறது என்று வந்தது. அதற்குப் பிறகு களைப்பாக இருக்கிறது என்று. மனிதர் காலை இழுத்து இழுத்து நடந்தார். பையைத் திறந்து பார்த்தால் ஒரு கத்தி, கயிறு, ஈர விறகு. ஊர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. விறகுக் கட்டோடு உள்ளே வந்த அம்மா நின்று பார்த்தார்.

"ஏன்டா இவன் இப்புடி நடக்குறான்?"

"சாப்பிடலையாம்மா."

"யாரும் ஒரு வாய் குடுக்க மாட்டாங்களா?"

"யாரையும் காணோம்."

"அப்ப என்னத்தடா வெளையாடுற? ஒரு மனுசன பட்டினி போட்டா?"

அம்மா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அடுப்படிக்குப் போனவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், கிடைத்ததா என்று. எனக்கு அது உறுத்தியது. எந்த விளையாட்டிலாவது ஆளுக்குப் பசிக்குமா? ஓடுவான், குதிப்பான், சண்டை போடுவான், அவ்வளவுதான். இது பழுது. கம்பியூட்டர் பழுதாகித்தானே மாமாவிடம் வந்திருக்கிறது? மாமா அடிக்கடி சொல்வது எனக்கு மனப்பாடம்: தேவையில்லாத சாமான் எல்லாத்தையும் ஏத்தி வச்சிடுறாங்க, அதான் சூடாகுது.

விளையாட்டை மூடினேன். அதைத் தொடங்கும்போது திரையில் வருகிற பெட்டியில் ஒரு நீளமான பட்டியல் இருப்பதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். இருநூறுக்கு மேல் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தேடினேன். பசி இருந்தது. குளிர் இருந்தது. தூக்கம், காய்ச்சல், ஈர உடுப்பு. ஐந்தின் அடையாளத்தையும் எடுத்துவிட்டேன். திரும்பத் தொடங்கியபோது சிவப்பில் ஒரு எச்சரிக்கை நீளமாக வந்தது. அதைப் படிக்க என் ஆங்கிலம் போதவில்லை. ஆம் என்பதை அழுத்தினேன்.

மனிதர் நிமிர்ந்து நடந்தார். நாலு மணி நேரம், மலை மேல் மலையாக, ஒரு தடவைகூட நிற்காமல் நடந்தார். இடையிடையே விளையாட்டு தன்னைத்தானே சேமித்துக்கொண்டது. கம்பியூட்டர் அணையவில்லை. அம்மா வந்து பார்த்து, "ம், இப்பதான் ஆளு மாதிரி நடக்குறான்" என்றார். சாயங்காலம் மாமா வந்து பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார். சூடில்லை. என் தலையைப் பிடித்து ஆட்டி, "மேசை நமக்குத்தான்டா!" என்றார். நான் செய்ததைச் சொல்லவில்லை. மேசை கிடைத்த பிறகு, யாரால் கிடைத்தது என்று சொல்வதாக உத்தேசம்.

செவ்வாய்க்கிழமை கம்பியூட்டர் உரியவரிடம் போனது. வியாழக்கிழமை அவர் முறைப்பாட்டோடு கடைக்குத் திரும்பி வந்தார். அன்றைக்கு மாமா வழமையான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்து, என்னத்தத் தொட்ட என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கையை ஒடிக்கவில்லை. "சூட்டுக்குக் காரணம் காத்தாடிடா" என்றார், மெதுவாக.

அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. அந்த இருநூறும் விளையாட்டோடு வந்தவை அல்ல. விளையாடுகிறவர்களே செய்து, ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் மாற்றங்கள். மொட் என்று பெயர். பசியும் குளிரும் காய்ச்சலும் கம்பியூட்டருக்கு உரியவர் தேடிப் பிடித்து ஏற்றியவை. இடையில் ஒன்றைப் பிடுங்கினால், அதன் மேல் நிற்பதெல்லாம் சரியும். பிடுங்கிய நிலையில் சேமித்துவிட்டால், பிறகு திரும்ப ஏற்றினாலும் பயனில்லை. சேமிப்பும் ஒன்றே ஒன்றுதான் வைத்திருந்தாராம், புதிது வந்ததும் பழையது அழிந்துவிடும். பின்னுக்குப் போக வழி இருந்தால் பயம் இருக்காது என்று அவரே போட்டுக்கொண்ட சட்டம்.

முதலாளி மாமாவிடம் சொன்னது ஒரு வரி: அந்த ஆளின் வாயால் சரி என்று வரட்டும், இல்லாவிட்டால் நீ கடைக்கு வர வேண்டாம்.

சனிக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு அக்குறணைக்குப் போனார். கீழே பிளாஸ்டிக் சாமான் கடை, மேலே வீடு. "அண்ணன்னு இல்ல, நானான்னு கூப்புடு, தெரியுதா?" என்று படியேறும்போது சொன்னார். நான் எதிர்பார்த்தது ஒரு பள்ளிக்கூடப் பையனை. வந்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், தகப்பனின் கடையைப் பார்த்துக்கொள்பவர். ஏசுவார் என்று நினைத்தேன். திரையைப் போட்டுக் காட்டினார். ஒரு சின்ன ஊர். கதவில்லாத வீடுகள். தெருவில் ஆட்கள் கையை இரண்டு பக்கமும் விரித்தபடி அசையாமல் நின்றார்கள். ஒரு கடை வாசலில் ரொட்டிகள் அந்தரத்தில் தொங்கின. விற்கிறவர் இல்லை.

"ஏன் தம்பி எடுத்தீங்க?"

"அவருக்குப் பசிச்சுக்கிட்டே இருந்துச்சு நானா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா நிலத்தைப் பார்த்தார்.

"பசிக்கத்தான் வேணும் தம்பி" என்றார். "பசி இல்லாட்டி நான் அந்த ஊர்ல ஒருத்தர்ட வாசலுக்கும் போகமாட்டேன். ஓடிட்டே இருப்பேன். பசிச்சாத்தான் இந்த ரொட்டிக் கெழவிட கடைக்குப் போவேன். குளிர்ந்தாத்தான் ஒரு கதவைத் தட்டுவேன். ரெண்டு வருஷமா தட்டியீக்கிறேன். அவங்கட பேரெல்லாம் எனக்குத் தெரியும்."

அவருக்குப் பைத்தியம் என்று நான் முடிவு செய்தேன். கீழே கடை நிறையச் சாமான், மேலே வீடு நிறைய வெளிச்சம், இவர் பசியைத் தேடி எடுத்து ஏற்றி வைத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய தாயார், உம்மா, தேத்தண்ணியும் மஸ்கட் இனிப்பும் கொண்டு வந்து வைத்து, "காலையிலிருந்து இவனும் ஒண்டும் தின்னல்ல, இந்தப் பெட்டிக்கு முன்னால மவுத்தான துக்க வீட்டுல மாதிரி குந்திட்டு ஈக்கிறான்" என்று எங்களிடம் முறையிட்டுவிட்டுப் போனார்.

எங்கள் முன்னாலேயே அவர் முதலாளிக்குப் போன் எடுத்தார். பிரச்சினை ஒன்றும் இல்லை, பெட்டி நன்றாக ஓடுகிறது என்றார். மாமாவின் வேலை தப்பிப் பிழைத்தது. நான் எழும்பிவிட்டேன். மாமா எழும்பவில்லை.

"அழிஞ்சத எடுத்துத் தர்ற கடை கொழும்புல ஒண்ணு இருக்கு. ஹார்ட் டிஸ்க்க குடுத்தீங்கன்னா கேட்டுப் பாக்குறேன்."

"அதுக்கெல்லாம் சல்லி போகும். வேணாம், விடுங்க."

"காச நான் பாத்துக்குறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம். அவரே சரி என்றுவிட்டாரே, பின்னே எதற்கு என்று கேட்டேன். பேசாம வா என்றார் மாமா. ஹார்ட் டிஸ்க்கைச் சட்டைக்குள் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அது கொழும்பிலிருந்து திரும்பியது. அழிந்தவற்றில் ஒரே ஒரு சேமிப்பைத்தான் எடுக்க முடிந்ததாம். ஆரம்ப நாட்களுடையது. தாடிகூடச் சரியாக வளராத மனிதர், வெறும் பையோடு, அந்த ஊரின் எல்லையில் நிற்கிறார், பசியோடு. அக்குறணை நானா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், அதே இடத்திலிருந்து திரும்பத் தொடங்கப்போவதாகச் சொன்னார் என்று மாமா சொன்னார். மேசை மாமாவுக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறகு சேர்ந்த இன்னொருவருக்குப் போனது. மாமா இன்னும் இரண்டு வருஷம் பெட்டி தூக்கினார். பிறகு கம்பளையில் ஒரு போன் கடையில் வேலைக்குச் சேர்ந்து, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் போன முதல் ஆள். விடுதியில் என் கம்பியூட்டரில் அதே விளையாட்டு இருக்கிறது. அதில் அளவுக்கு மேல் சுமந்தால் ஆள் ஊர்ந்து ஊர்ந்துதான் போவார். நான் முதலில் ஏற்றிய மொட், சுமைக்குக் கனமே இல்லாமல் ஆக்குவது. அறைத்தோழன் சிரித்தான், அது கள்ள விளையாட்டு என்று. இருக்கலாம். தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு அம்மா எடை போடும் மடுவத்துக்கு ஏறி வருவதைத் தினமும் பார்த்தவனுக்கு, இன்னொரு ஆளை அப்படி நடக்க வைத்து விளையாட மனம் வரவில்லை. எங்கள் மாடியில் இருக்கிற ஒவ்வொருவனும் அந்த ஒரே ஊரை ஒவ்வொரு விதமாக மாற்றி வைத்திருக்கிறான். ஒருவன் மழையைக் கூட்டியிருக்கிறான். ஒருவன் ஊரில் யாரும் சாகாதபடி செய்திருக்கிறான். ஏன் என்று நான் யாரிடமும் கேட்பதில்லை. பசியின் மொட் ஒன்றை நானும் இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். சரி அடையாளம் போடத்தான் கை போகவில்லை. ஆனால் என் ஊரில் எனக்கு ஒருவருடைய பெயரும் தெரியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்குறணையிலிருந்து வந்த அந்தச் சாயங்காலம் மாமா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"அத அந்தப் புள்ள ரெண்டு வருசமா கட்டுனதா தம்பி?"

"ஆமாக்கா."

அம்மா அலுமாரியைத் திறந்தார். தோட்டத்தில் தீபாவளிக்கு முன்கூட்டிக் கொடுக்கிற அட்வான்ஸ் அந்த வாரம்தான் வந்திருந்தது. உறையோடு எடுத்து மாமாவிடம் நீட்டினார். தங்கச்சி புதுச் சட்டையை நினைத்து அழுதாள். நான் அழவில்லை. அம்மாவுக்கு அது வெறும் விளையாட்டு என்பது விளங்கவில்லை, யாராவது விளக்கிச் சொன்னால் காசைத் திருப்பி வாங்கிவிடுவார் என்று நினைத்து, நானே போய் விளக்கினேன். ஊரும் பொய், ஆட்களும் பொய், ரொட்டியும் பொய் என்றேன். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, தெரியும், போய்ப் படி என்றார். என்ன தெரியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

அம்மாவின் பத்தாயிரம், மாமா கையிலிருந்த நாலாயிரத்து ஐந்நூறு. கொழும்புக் கடைக்குக் கட்டியது பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.