வண்டிப்பாதைக்கு மேற்கே மூன்று வீடுகள்

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் வரும் ஊர் அது. அறுபதுகளின் கடைசியில் அங்கே ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அருப்புக்கோட்டையில் தறிச்சத்தத்துக்கு நடுவே, வீட்டுக்குள் தெலுங்கு பேசி வளர்ந்தவள் நான். கரிசல் காட்டையும் உடை மரங்களையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் ஓட்டுக்கூரை. மற்ற வீடெல்லாம் பனையோலை.

நான் போன இரண்டாம் வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு நாள், உச்சிவெயில் நேரம். மேற்கே ஒரு சம்சாரி தன் வரப்பில் வெட்டிப்போட்ட முள்ளுக்குத் தீ வைத்திருக்கிறார். அதுவரை அசையாமல் இருந்த காற்று திடீரென்று ஊரைப் பார்த்துக் கிழக்கே வீச ஆரம்பித்துவிட்டது. காய்ந்த புல்லைப் பிடித்து, பனைகளில் தொங்கிய காவோலையில் ஏறி, ஊர் ஓரத்து வைக்கோல் படப்புக்குத் தாவிவிட்டது தீ. படப்புகள் எல்லாம் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருந்தன. நான் பிள்ளைகளைக் கோயில் பொட்டலுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கும்போது ஒன்பது கூரைகள் எரிந்துகொண்டிருந்தன.

கண்மாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இருந்த ஒரு கிணற்றில் எத்தனை வாளிதான் இறைக்க முடியும்? சைக்கிளில் ஒருவர் திருச்சுழிக்குப் போய் போன் செய்து, அருப்புக்கோட்டையிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது சாம்பலை நனைக்கும் வேலைதான் மிச்சம். வந்தவர்கள் மேல் தப்பில்லை, தூரம் அப்படி. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டுத்தறியில் நின்ற ஒரு பசுமாடு போய்விட்டது. அவிழ்த்துவிட ஆள் போவதற்குள் கூரை விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முள்ளுக்குத் தீ வைத்தவரை என்ன செய்வது என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. அவர் கதவு ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சாயத்துத் தலைவர் கொஞ்ச நேரம் எல்லோரையும் கத்தவிட்டார். பிறகு, "அவன் வீடுந்தான்யா எரிஞ்சிருக்கு. அவனை அடிச்சா அடுத்த வருசம் காத்து அடிக்காதா? டீச்சர், நீங்க ஒரு மனு எழுதுங்க, ஊருக்கு ஒரு தண்ணி வண்டி வேணும்னு," என்றார்.

நான் பேனாவைத் திறந்தேன். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மனுவைக் கண்டா நெருப்பு நிக்குமா டீச்சர்?"

யாரோ சிரித்தார்கள். கேட்டவளுக்கு முப்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நாற்பது ஐம்பது ஆடு வைத்திருந்தாள். புருஷன் இறந்து சில வருஷமாகியிருந்தது. ஊருக்கு மேற்கே வண்டிப்பாதையைத் தாண்டி மூன்று குடிசைகள் உண்டு. அதில் ஒன்று அவளுடையது. அந்தத் தடவை தீ அவற்றைத் தொடாமல் வடக்கே ஒதுங்கி ஊருக்குள் போயிருந்தது. அவளுடைய மூத்த மகன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தான்.

"வேற என்னத்தா செய்யச் சொல்ற?" என்றார் தலைவர்.

"எனக்கு என்ன தெரியும். புல்லு இருந்தா வருது, இல்லாட்டி வராது. அம்புட்டுத்தான்."

அன்றைக்கு மனு எழுதவில்லை. பிள்ளைகள் போட்டிருந்த கணக்கை அழித்துவிட்டு, கரும்பலகையில் ஊரை வரைந்தேன். ஆளாளுக்கு எழுந்து வந்து திருத்தினார்கள். கிணறு இங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் வடக்கே. இந்தப் பனைக்கூட்டத்தை விட்டுவிட்டீர்கள். கோடை முழுக்கக் காற்று மேற்கேயிருந்துதான் அடிக்கிறது, அதனால் மேற்கே ஓர் அகலமான பட்டையைப் புல் பூண்டு இல்லாமல் வெட்டித் துப்புரவாக வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கே வெட்டுவது? வண்டிப்பாதை ஏற்கெனவே வெறுந்தரையாக இருக்கிறது, அதை ஒட்டியே வெட்டினால் வேலை பாதியாகிவிடும் என்றார்கள். நான் பாதை நெடுக சுண்ணாம்புக் கட்டியை அழுத்தி ஒரு கோடு போட்டேன். மூன்று குடிசைகளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றன. அது எனக்கும் தெரிந்தது, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்தது. அவர்கள் வேறு சாதிக்காரர்கள் என்பதும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவளும் பேசவில்லை.

மற்ற ஏற்பாடுகள் எளிதாக நடந்தன. படப்புகளை எல்லாம் ஊருக்குக் கிழக்கே களத்துமேட்டுக்குக் கொண்டுபோனார்கள். பனைகளில் காய்ந்து தொங்கிய ஓலைகளை மரமேறுகிறவர்கள் வெட்டி இறக்கினார்கள். பங்குனியிலிருந்து ஆனி வரை வெயில் ஏறுமுன் சமைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும், மறுபடி பற்றவைப்பது காற்று அடங்கிய பிறகுதான். இதற்குத்தான் கொஞ்சம் சண்டை நடந்தது. "அவுகளுக்கு மத்தியானம் சுடுசோறு கேக்குதே, நான் என்ன செய்ய?" என்று ஒருத்தி கேட்க, "வந்து என் வீட்டுக் கஞ்சியக் குடிக்கச் சொல்லு," என்று இன்னொருத்தி சொல்ல, அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் மத்தியானம் பழைய கஞ்சிதான் குடித்தார்கள்.

வீட்டுக்கு ஓர் ஆள் வந்து பட்டையை வெட்டினார்கள். வண்டிப்பாதைக்கு மேற்கிலிருந்தும் வந்தார்கள். ஆனால் ஐப்பசியில் மழை விழுந்ததும் வெட்டிய இடமெல்லாம் முட்டளவு புல். தை மாதம் அறுப்பு. வெட்ட ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் அவள் ஒரு நாள், மகனைக் கூப்பிட வந்த சாக்கில், என்னிடம் சொன்னாள்.

"தலைவர்ட்ட சொல்லுங்க டீச்சர். ஆளு எதுக்கு, ஆடு கெடக்கு. அந்தப் பட்டையில நாலு நாளைக்கு ஒரு இடமா ஆட்ட மேயவிட்டு, ராவுல அங்கனயே அடைச்சுக் கிடை போடுறேன். புல்லுந் தீரும், நெலத்துக்காரனுக்கு உரமும் ஆகும்."

"நீங்களே சொல்லலாமே, அக்கா."

"நான் சொன்னா கேக்கணுமே."

நான் போய்ச் சொன்னேன். கேட்டார்கள். அவளுடைய ஆடுகளோடு ஊரில் மற்றவர்கள் ஆடுகளும் சேர்ந்து, தை முதல் பங்குனி வரை பட்டையை வழித்துத் தின்றன. மூன்று கோடை தீ இல்லாமல் கழிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கரும்பலகைப் படத்தை நான் அட்டையில் பெரிதாக வரைந்து பள்ளிச் சுவரில் மாட்டியிருந்தேன். வந்தவர்களுக்கு அதைக் காட்டி விளக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுபதுகள் பிறந்து ஓரிரண்டு வருஷம் கழித்து, ஒரு வைகாசியில், தீ மறுபடி வந்தது. கண்மாய்ப் பக்கம் சீமைக் கருவேலையை வெட்டிக் கரிமூட்டம் போட்டிருந்தார்கள். அதிலிருந்து பொறி பறந்ததாகச் சொன்னார்கள். கோடை விடுமுறைதான், ஆனாலும் நான் ஒரு பதிவேட்டை முடிக்க அன்று ஊரில் இருந்தேன். கோயில் மணியை அடித்தார்கள். இந்தத் தடவை யாரும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடவில்லை. அவரவருக்கு என்ன வேலை என்று தெரிந்திருந்தது. கிழவர்களும் பிள்ளைகளும் பொட்டலுக்குப் போனார்கள். மற்றவர்கள் நனைத்த சாக்கும் வேப்பங்குழையுமாகப் பட்டைக்கு வந்தோம்.

தீ வருவதற்கு முன்னால் அதன் சூடு வந்தது. கண் எரிந்தது. பத்தடி தூரத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. பறந்து வந்து விழுந்த பொறிகளை அடித்துக்கொண்டே இருந்தோம். அரைமணி நேரம் இருக்கும். தின்னப் புல் கிடைக்காமல், தீ பட்டையின் ஓரத்தில் ஒவ்வோர் இடமாகப் படுத்துவிட்டது. யாரோ குலவை போட்டார்கள். தலைவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

எனக்கு நாலு ஆள் தள்ளி நின்று அவளும் சாக்கால் அடித்துக்கொண்டிருந்தாள். புகை விலகியபோது அவள்தான் முதலில் மேற்கே பார்த்தாள். சாக்கைக் கீழே போட்டாள். நடந்தாள், பிறகு ஓடினாள்.

மூன்று குடிசையும் போயிருந்தன. அந்த வீடுகளில் இருந்த கிழவர்களையும் பிள்ளைகளையும் மணி அடித்ததுமே அங்கேயே இருந்த ஒரு குடிசைக்காரர் கூட்டி வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. பெரிய ஆடுகள் அன்று கிழக்கே மேய்ச்சலில் இருந்தன. குட்டிகளை மட்டும் கொடாப்பில் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பெரிய கூடை இருந்த இடத்தில் கரிவட்டம்தான் கிடந்தது. அவள் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஐம்பது அறுபது பேர் பின்னால் நின்றோம். குலவை போட்டவர்கள் எங்கே நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு மூன்று குடும்பமும் பள்ளிக்கூடத்தில் தங்கின. மறுநாள் காலையில் நான் போனேன். அவள் வராந்தாவில் பானை கழுவிக்கொண்டிருந்தாள். என்னவெல்லாமோ சொல்ல நினைத்துப் போய், கடைசியில் இதைத்தான் சொன்னேன்.

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தான், அக்கா."

"ஆமா. நீங்கதான் போட்டீக," என்றாள்.

பானையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக பஸ் ஏறிப் போயிருப்பேன்.

அந்த வாரமே மறுபடி கூட்டம். தலைவர் மனசார வருத்தப்பட்டுத்தான் பேசினார். பாதைக்குக் கிழக்கே ஊர்ப் பொதுவில் இடம் இருக்கிறது, மூன்று வீடும் அங்கே கட்டிக்கொள்ளலாம், ஓலையும் கழியும் ஊர் கொடுக்கும் என்றார். சிலர் முகம் மாறியது, ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள். முதல் கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசியவள்.

"நாங்க வரலைங்க. எங்க மாமனாரு போட்ட வீட்டுமேடு அங்க இருக்கு, ஆடு கட்டுற எடம் அங்க இருக்கு. வீட்ட இங்கிட்டுக் கொண்டாரச் சொல்லாதீக. கோட்ட அங்கிட்டுக் கொண்டு போங்க."

"அங்க போனா பட்டை ரெண்டு மடங்கு நீளமாகுமேத்தா," என்றார் ஒருவர். "எம் புஞ்சையில பாதி அதுக்குள்ள போயிரும்."

"உங்க புஞ்சையிலதான மூணு வருசமா எங்க ஆடு உரம் போட்டுச்சு?"

அதுவரை கூட்டங்களில் கேட்டதை எழுதுவதும் வரைவதும்தான் என் வேலை. எழுந்து சுவரிலிருந்த அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டேன். "இது தப்பாப் போட்ட படம். அன்னைக்கே தெரிஞ்சுதான் போட்டேன். நம்ம எல்லாருக்கும் தெரியும்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, வகுப்பில் அதட்டுகிற குரல் போல இருந்தது. தலைவர் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எங்கன போடணும்னு நீயே காட்டுத்தா," என்றார் அவளிடம்.

மறுநாள் விடிந்ததும் அவள் முன்னால் நடக்க, தலைவரும், புஞ்சைக்காரரும், நானும், இன்னும் பத்துப் பேரும் பின்னால் நடந்தோம். அவள் ஒரு வேப்பங்கொப்பைத் தரையில் இழுத்துக்கொண்டே போனாள். காற்று எங்கே சுழலும், எந்தப் பள்ளத்தில் புல் கடைசியாகக் காயும் என்று ஆடு மேய்த்துத் தெரிந்துவைத்திருந்ததைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். புஞ்சைக்காரர் இரண்டு இடத்தில் தகராறு செய்தார். ஓர் இடத்தில் அவள் விட்டுக்கொடுத்தாள், இன்னோர் இடத்தில் அவர். வெயில் ஏறுவதற்குள் கோடு முடிந்துவிட்டது. பட்டை வெட்ட ஒரு மாதம் பிடித்தது.

மூன்று வீடும் பழைய இடத்திலேயே எழுந்தன. அதற்குப் பிறகு நான் அங்கே ஐந்து வருஷம் இருந்தேன். ஒருமுறை சின்னதாக ஒரு தீ வந்து மேற்கு ஓரத்திலேயே அணைந்தது. காரியாபட்டிப் பக்கம் மாற்றலாகிப் போகும் அன்று அவள் பஸ் நிற்கும் இடம் வரை இரண்டு மைலும் கூட நடந்து வந்தாள், ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு. வழியெல்லாம் அவளுடைய இளைய மகன் அருப்புக்கோட்டையில் எட்டாம் வகுப்பில் சேர்ந்ததைப் பற்றித்தான் பேசினோம். பஸ் வந்ததும், "வாரேன் அக்கா," என்றேன். "வாங்க டீச்சர்," என்றவள், ரோட்டின் குறுக்கே போன ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.