கதிர்க்குருவி எந்தப் பக்கம்

அந்த மார்கழியில் மகளோடு மலைக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு முன்பு தாயில்பட்டியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அவளை அனுப்பியது நான்தான். திரும்பி வர அவள் பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்திலேயே ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. பெரிய காயமில்லை. இடது காதில் கேட்கும் திறன் மட்டும் போய்விட்டது. இனி வராது என்று மதுரை டாக்டர் சொன்னார்.

அவள் கல்லூரியில் விலங்கியல் படித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே மழைக்காட்டில் பறவை எண்ணும் குழுவில் ஏற்கெனவே சேர்ந்திருந்தாள். "ஒரு நாள் வந்து பார்க்கட்டும். முடியலேன்னா நோட்டு எழுதுற வேலை இருக்கு" என்றார் குழுவை நடத்தும் பேராசிரியை. எண்ண விடமாட்டார்களோ என்று அன்று அவள் சாப்பிடவில்லை. துணைக்கு நானும் கிளம்பினேன்.

சிக்கல் இரண்டு வகைக் கதிர்க்குருவிகளால்தான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவை. இரண்டுக்கும் விரல் நீளம், இலைப்பச்சை முதுகு, கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு. திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசு லேபிளின் நிறம் சரிபார்ப்பது என் வேலை. பச்சையில் துளி வித்தியாசம் இருந்தாலும் ஷீட்டை ஒதுக்கிவிடுவேன். அந்தத் தைரியத்தில் காட்டுக்குள் ஒரு கிளைப் பக்கம் கை நீட்டினேன்.

"தாயி, அந்தா பாரு, இதுல மஞ்ச கூட. இது வேற குருவி."

"யப்பா, அதே குருவிதான் வெயிலுக்கு வந்திருக்கு. கம்பெனியில லேபிளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பீகளே, இங்கன வாசலுக்கு எங்க போவீக?"

பேராசிரியை சிரித்துவிட்டார்.

குரலில்தான் பிரிக்க வேண்டுமாம். ஒன்று சிட்டுக்குருவி போல வெடுக்கென்று கத்தும். மற்றது, பெரிய அலகுக் கதிர்க்குருவி, தெளிவாக விசிலடித்து, முடிவில் குரலை ஏற்றும். ஒரு மாதமாக அந்தக் குரல்களைக் கேசட்டில் போட்டு வலது காதால் கேட்டிருந்த மகள், ஒரு குரல் வந்ததும் தலை நிமிராமலே "பெரிய அலகு" என்றாள். சரிதான்.

"எந்தப் பக்கம்?" என்றார் பேராசிரியை.

வலப்பக்கம் காட்டினாள். இலை அசைந்தது இடப்பக்கம். ஒரே காது உள்ளவருக்கு எல்லாச் சத்தமும் அந்தக் காதின் பக்கமே கேட்குமென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. திசை தப்பினால் ஒரு குருவியை இரண்டாக எண்ணிவிடுவாள்.

அடுத்த குரலுக்கு, பின்னால் நின்று அவள் இடது தோளைத் தொட்டேன். அவள் இடப்பக்கம் காட்டினாள். அடுத்தது வலது தோள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தபோது என் கையைத் தட்டிவிட்டாள்.

"தினமும் கூட வருவீகளா? கையை எடுங்கப்பா."

"நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் சார்" என்றார் பேராசிரியை, மெதுவாக. எனக்கு முகம் சுட்டது.

மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினாள். ஒரு குரல், கொஞ்சம் திரும்புவாள். மறு குரல், இன்னும் கொஞ்சம். சத்தம் உரக்கக் கேட்ட இடத்தில் நின்று, வலது காது இருந்த திசையில் கை நீட்டினாள். எனக்கு இலைதான் தெரிந்தது. பேராசிரியை பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு."

"இப்பிடிப் பார்த்தா லேட்டாகுது மேடம்" என்றாள் மகள்.

"ஆகட்டும். குருவி இருந்துச்சுல்ல. நாளையிலிருந்து நீயே எண்ணு." பிறகு என்னிடம், "நீங்க வர வேண்டாம் சார்" என்றார்.

மறுநாள் விடியலில் அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், என் பக்கம் இருந்தது இடது காது. "பார்த்துப் போ தாயி" என்றேன். கேட்டிருக்காது. பஸ் நகர்ந்த பிறகும் இன்னொரு முறை சொன்னேன்.