அத்தையின் ஆமணக்குப் புழுக்கள்

அன்று காலையிலிருந்தே என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அத்தையைப் பெண் பார்க்கத் திருவையாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று வீடே பரபரத்தது. எனக்கோ அவள் அறையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றித்தான் கவலை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. குத்தாலத்தில் பஸ் பிடித்துக் கும்பகோணம் போய் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தாள். அவளுடைய ப்ராஜெக்ட் அந்த டப்பாவுக்குள் ஆமணக்கு இலையை மென்றுகொண்டிருந்தது. கன்னங்கரேலென்று, உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்த கம்பளிப்பூச்சிகள். வளர்ந்தால் புலி அந்துப்பூச்சியாகுமாம். சாம்பல் இறக்கையை விரித்தால் உள்ளே ரோஜா நிறமாம். புலிக் குடும்பத்தின் சொந்தபந்தம் எங்கள் குடும்பத்தைவிடப் பெரிது. சுவர்ப்பாசியைத் தின்று வளரும் பொடிசுகள் உண்டு. குளவி வேஷம் போட்டு ஊரை ஏமாற்றும் பங்காளியும் உண்டு. கொல்லை முருங்கையில் அப்பிக்கிடந்த கம்பளிப்பூச்சிகளை மட்டும் அத்தை சேர்த்துக்கொள்ளமாட்டாள்.

"அது வேற குடும்பம்டி. நம்ம டப்பால இருக்கறது கையில ஊர்ந்தா கூசும், அவ்வளவுதான். முருங்கையில இருக்கறதோட மயிர் பட்டாலே போதும், ராத்திரி பூரா சொறியணும்."

மழைக்காலத்தில் அந்த மரத்தடிக் கொடியில் யார் துணி போட்டாலும் சண்டைக்கு வருவாள். அம்மாகூட அவளுக்குப் பயந்து மாட்டுக்கொட்டகையில்தான் காயப்போடுவாள்.

படிப்பை நிறுத்திவிட்டுத் தையிலேயே கல்யாணம், உடனே சிங்கப்பூர் என்று மாப்பிள்ளை வீட்டில் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை, யாரும் கண்டுகொள்ளவில்லை. அவள் போய்விட்டால் டப்பாவுக்கு யார் இலை பறித்துப் போடுவது? நான் வாசலுக்கும் அறைக்குமாக அலைந்தேன்.

வந்தவர்கள் வாசல் குழாயில் கால் கழுவினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, நாற்காலியில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து முகம், கழுத்தெல்லாம் அழுத்தித் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் இருந்தார். கேசரி வருவதற்குள் அந்தம்மா கழுத்தைச் சொறிய ஆரம்பித்தார். காபி வந்தபோது முகம் தடித்துவிட்டது. செல்போனை நேராகப் பிடிக்க முடியவில்லை; மாப்பிள்ளை எங்கள் உத்தரத்தைத்தான் பார்த்திருப்பார்.

"என்னங்க இது, இப்படி அரிக்குது!"

சித்தி சும்மா இருக்கக்கூடாதா? "உள்ள புழு வளக்குதுல்ல, அதுவா இருக்குமோ?" என்றாள்.

"புழு வளக்கிற பொண்ணா?" என்று அந்தம்மா எழுந்தார். கார் கிளம்பிவிட்டது.

அப்பா நேராக அத்தையின் அறைக்குள் போனார். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார். "அப்பா, இது அரிக்காது! இது வேற குடும்பம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அத்தை எட்டிப் பிடித்து என் வாயைப் பொத்தினாள்.

"பேசாம இருடி."

ஆமணக்கு இலைகள் தண்ணீரோடு போவதைப் பார்த்து அத்தை அழுதாள். ஆனால் திங்கட்கிழமை வழக்கம்போலக் காலேஜ் பஸ் ஏறிவிட்டாள்.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் ஆறவேயில்லை. டப்பாப் புழு அரிக்காது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரித்தது எது என்றும் எனக்குத் தெரியும். அன்று விடிகாலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அத்தை அந்த வெள்ளைத் துண்டை முருங்கையடிக் கொடியில் விரித்துப் போட்டாள். கல்யாணக் கவலையில் மறந்துவிட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.