காயாத பசை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்தான்: அம்மா, சித்தப்பா, அத்தை, நான். அப்பா பலகாரம் வாங்க மாரண்டஹள்ளிக்குப் போயிருந்தார். ஐந்தாவதாக ஒருவர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரோ என்று எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வந்ததும் அத்தை ஒரு கொய்யாக்காயைக் கடித்தாள். முன்பல்லில் அடைத்திருந்தது பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. நாலு மணிக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல் பழுப்பாகத்தான் இருக்கும். அத்தைக்கு அதோடு ஓரமும் உடைந்திருந்தது. ஏற்கெனவே வந்த இரண்டு வீட்டார் பல்லைச் சொல்லித்தான் போனார்கள். அதனால்தான் போன மாதம் தருமபுரிக்குப் போய் அடைத்துக்கொண்டு வந்தாள். நானும் கூடப் போனேன். பல் டாக்டர் மாவு மாதிரி ஏதோ வைத்து நீல வெளிச்சம் காட்ட, அது பல்லாகவே இறுகிப்போனது. இப்போது மத்தியானம் இரண்டரை மணிவரை போன் போட்டும் அவர் எடுக்கவில்லை.

சித்தப்பா பாலக்கோட்டில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். கண்ணாடி ஒட்டும் பசையும் அதைக் காயவைக்கும் சின்ன டார்ச்சும் எப்போதும் அவர் பையில் இருக்கும். டிவி ரிமோட் முதல் மாதா சுரூபத்தின் விரல்வரை எங்கள் வீட்டில் அவர் ஒட்டாத பொருள் இல்லை.

"இதென்னா பெரிய வித்தை? அந்தாளு காட்டுனதும் நீல லைட்டு, இதுவும் நீல லைட்டு."

"வாய்க்குள்ள போறதுங்க தம்பி," என்றாள் அம்மா.

"போன்ல ஒட்டுனா ரெண்டு வருசம் நிக்குதுங்க அண்ணி. சாயங்காலம் வரைக்கும் நிக்காதா?"

"சீக்கிரம் பண்ணுண்ணா," என்றாள் அத்தை. அவள் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது.

சித்தப்பாவின் ஒரு கை உதட்டைத் தூக்க வேண்டும், ஒரு கை பசை வைக்க வேண்டும். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். டார்ச் என் கைக்கு வந்தது. எனக்கு ஒன்பது வயது.

"டாக்டரு ஆரஞ்சு கண்ணாடி போட்டுக்கிட்டாரு சித்தப்பா. அத்தைக்கும் போட்டாரு."

"அவரு ஹீரோ, போட்டுப்பாரு. நீ புடி கண்ணு."

பசை தண்ணீராக இருந்தது. பல்லில் நிற்காமல் ஈறுக்கு வழிந்தது. "காட்டு, காட்டு!" என்றார். பட்டனை அழுத்தினேன். கண் போய்விடுமே என்ற பயத்தில் இறுக மூடிக்கொண்டேன். இருபதுவரை எண்ணச் சொன்னார். பன்னிரண்டில் அத்தை கத்தினாள்.

"எரியுதுண்ணா! எரியுது!"

கண்ணைத் திறந்தேன். வெளிச்சம் அவள் மூக்கின்மேல் அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா கரண்டியோடு ஓடிவந்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள். ஈறு வெந்ததுபோல் வெளுத்திருந்தது. உதடு பார்க்கப் பார்க்க வீங்கியது. சித்தப்பா என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினார். "ஒழுங்கா காட்டியிருந்தா காஞ்சிருக்கும்."

அத்தை பசையை விழுங்கியிருந்தால் செத்துப்போவாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்தியபடி காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு வாயத் தெறக்காதுங்களா?" என்று சிரித்தார். யாரும் வாய் திறப்பதற்கு முன் அத்தையே முந்தானையை எடுத்துவிட்டாள்.

"பல்லுல செல்போன் பசை வெச்சிட்டோம்ங்க. வெந்துபோச்சு."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இத வெச்சிக்கிட்டா எனக்குக் காப்பி கொண்டாந்தே? டேய், வண்டிய எடுடா!"

அவர்கள் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா பஞ்சால் துடைத்தும் சுரண்டியும் எடுத்தார்.

"லைட்டு சரியா படல. அதனாலதான் காயாம இருக்கு," என்றார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பினார். "நல்லவேளைன்னு நெனச்சுக்குங்க. காஞ்சிருந்தா பக்கத்துப் பல்லு, ஈறு எல்லாத்தையும் சேத்துப் புடிச்சிருக்கும். ஒடச்சுத்தான் எடுக்கணும். பல் டாக்டர் வெக்கிறது வேற, இது வேற. காயாத பசை தோல்ல பட்டாலே புண்ணாக்கும், இத வாய்ல வெப்பாங்களா?"

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். இன்றைக்கும் பசை டப்பாவின் பின்னால் இங்கிலீஷில் உள்ளதை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லாமல் மூடியைத் திறப்பதில்லை. ஆனால் அன்று டாக்டரம்மா சொன்னதில் முதல் வரி மட்டும்தான் என் காதில் ஏறியது: லைட்டு சரியாகப் படவில்லை.

அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நகைப் பேச்சில் முறிந்ததாம். குழந்தையிடம் அதை யார் சொல்வார்கள்? என் கையால்தான் முறிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் எனக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்குமுன், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். சாமியார் காதருகே சொன்னேன்: "நான் லைட்டச் சரியா புடிக்கல சாமி."

"எந்த லைட்டும்மா?"

"அத்தை வாய்ல."

சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். ஒரு பல்லுக்கும் ஒரு கல்யாணத்துக்கும் மூன்று எப்படிப் போதும்? முழங்காலில் இருந்து ஜெபமாலை முழுவதையும் சொன்னேன்.

வெளியே அத்தை குச்சி ஐஸ் வாங்கி வைத்துக் காத்திருந்தாள். அது பாதி உருகி அவள் முழங்கைவரை வழிந்திருந்தது. உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

"இவ்ளோ நேரமா? அப்படி என்னாடி பாவம் பண்ணே?"