நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாள் விக்கல்

2024 செப்டம்பர் 10, செவ்வாய்க்கிழமை. காலை 5.05க்கு எழுந்தேன். 5.40க்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். 7.35க்கு மூக்கண்டப்பள்ளி நிறுத்தத்தில் கம்பெனி பஸ். 8.30 முதல் 12.30 வரை இரும்புத் தண்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்தேன். இதுவரைக்கும் அன்றைய நாட்குறிப்பில் நான்கு வரிதான். மதியத்துக்குப் பிறகு இரண்டரைப் பக்கம் போயிருக்கிறது.

செவ்வாய்தோறும் எங்கள் கேன்டீனில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நான் விருதுநகர்க்காரி. இங்கே வந்து பத்தொன்பது வருடமாகியும் மென்றுதான் தின்கிறேன்.

"மென்னுட்டே இருங்கக்கா, ரெண்டாவது ஷிப்டே வந்துரும்" என்றாள் எதிரில் இருந்தவள். நாட்றாம்பாளையத்துப் பெண். வேலையில் என் பக்கத்து மேசை, லைன் வீட்டில் என் பக்கத்துக் கதவு. ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. மறுநாள் காலை பத்து மணிக்கு, வேலை நிரந்தரமாவதற்கான நேர்முகத் தேர்வு அவளுக்கு.

படிக்க நேரம் வேண்டுமென்று சூடான களி உருண்டையை ஐந்தே நிமிடத்தில் விழுங்கினாள். மேலே ஜில்லென்ற மோர். எழுந்து நின்றதும் முதல் விக்கல். மணி 12.52.

இரண்டு மணியாகியும் நிற்கவில்லை. முதலுதவி அறைக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் கையை விலா எலும்புக்குக் கீழே வைத்துக் காட்டினார். "இங்க குடை மாதிரி ஒரு தசை இருக்கு. அது கீழ இறங்குனாதான் நமக்கு மூச்சு உள்ள வரும். வயிறு திடீர்னு உப்புனா அதுக்கு எரிச்சல், சட்டுனு துள்ளும். அதே நேரம் தொண்டை டப்புனு மூடிக்கும். அதான் அந்தச் சத்தம். மூச்சைக் கொஞ்சம் அடக்கி மெதுவா விடு. தானா போயிரும். ரெண்டு நாளைக்கு மேல இருந்தா டாக்டரப் பாரு."

"ரெண்டு நாளா! நாளைக்குப் பத்து மணிக்குப் பெரிய சாருங்க முன்னாடி 'ஆறு வரு-க்'னு நின்னா யாருக்கா வேலை குடுப்பாங்க?" என்று என்னைப் பார்த்தாள்.

நான் நோட்டை எடுத்தேன். நேரம், வைத்தியம், நிமிடத்துக்கு எத்தனை விக்கல் என்று மூன்று கட்டம் போட்டேன். 2.30க்கு மூச்சு விடாமல் ஒன்பது மிடறு தண்ணீர். 3.00க்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, அதன்மேல் தண்ணீர். 3.40க்கு ஸ்டோரில் வேலை பார்க்கும் தெலுங்குக்கார அண்ணன் ஓடி வந்தார்.

"ஏம்மா, உன் இண்டர்வியூ கேன்சலாமே! போர்டுல ஒட்டியிருக்காங்க."

அவள் முகம் வெளுத்துவிட்டது. விக்கல் நின்றது. நான்கு நிமிடம் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, நின்னு போச்சு! சும்மா சொன்னேன்" என்று அவர் சிரித்ததும் அழுகையும் விக்கலும் சேர்ந்தே வந்தன.

"உங்க வாயில களிய வைக்க" என்று திட்டினாள். அவர் பாவம், பரிகாரமாக சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தாள். நான் அதையும் எழுதினேன்.

ஆறு மணிக்கு லைன் வீட்டு வாசலில் கூட்டம். கோடி வீட்டுக் கன்னடக்கார அம்மா, யாரோ நினைக்கிறார்கள், ஒவ்வொருவர் பேராகச் சொல்லிப் பார் என்றார். ஸ்டோர்க்காரரும் பஸ்ஸில் இதையேதான் தெலுங்கில் சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலும் இதுதான் பேச்சு.

"என்னை இப்ப யாருக்கா நெனைக்கப் போறாங்க? எச்.ஆர். சார்தான். லிஸ்ட்ல இருந்து எடுக்கலாமான்னு நெனைச்சிட்டிருப்பார்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அந்த அம்மா செம்பில் தண்ணீர் நீட்டினார். அதையும் எழுத நோட்டைத் திறந்தபோதுதான் மூன்றாவது கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தேன். மதியம் நிமிடத்துக்கு நான்கு. முதல் தண்ணீருக்குப் பின் ஐந்து. சர்க்கரைக்குப் பின் ஆறு. சோடாவுக்குப் பின் ஒன்பது. வேலையில் அளவு இப்படி ஒரே பக்கமாக ஏறினால் ஐந்தாவது தண்டிலேயே மெஷினை நிறுத்தச் சொல்பவள் நான். இங்கே மணிக்கணக்காக அளந்துகொண்டே ஊற்றியிருக்கிறேன். வயிறு உப்பியதால் வந்த விக்கலுக்கு வயிற்றை மேலும் உப்ப வைத்திருக்கிறேன்.

"செம்பை உள்ள கொண்டு போங்கம்மா" என்றேன். அவளிடம் நோட்டைக் காட்டினேன். "தப்பு என்னுதுதான். இனி ஒரு சொட்டுக் கிடையாது."

"தெய்வமே! நீங்க நோட்டை மூடுனாலே பாதி போயிருக்கும்" என்றாள்.

மூடினேன். சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொன்னேன். மூச்சை இழுத்து அடக்கி, பத்து எண்ணி, மெதுவாக விட்டாள். ஐந்தாவது முறை ஒரு பெரிய ஏப்பம் வந்தது. கோடி வீடு வரை கேட்டது. இந்த முறை அவள்தான் முதலில் சிரித்தாள். கடைசி விக்கல் 6.48க்கு.

"நாளைக்கு அங்க போய் வந்துட்டா?"

"வந்தா வரட்டும். 'ஒரு நிமிஷம் சார்'னு சொல்லிட்டு மூச்சை அடக்கு. அவங்களுக்கும் விக்கல் வர்றதுதானே?"

ராத்திரிக்கு இரண்டே இட்லி, மெதுவாகத் தின்றுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 11, புதன்கிழமை. காலை 5.05க்கு எழுந்தேன். முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக அவள் கதவருகே போய் நின்றேன். உள்ளே சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள்: "குட் மார்னிங் சார். நான் ஆறு வருஷமா இந்தக் கம்பெனியில தர ஆய்வுல வேலை பாக்குறேன். இதுவரைக்கும் நான் பாஸ் பண்ண ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை சார்." எங்கேயும் தடங்கல் இல்லை. கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன்.